நாலு பத்துக்கு ஒரு போன்

முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகும் விடிகாலை நாலரைக்கு எழுந்து, முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு, எந்த பஸ்ஸும் வராத கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அதை என்னவென்று சொல்வது? கிறுக்கு என்று சொல்லலாம். அவருடைய மகன் கொஞ்சம் நாசூக்காக, "இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாமேப்பா" என்று சொன்னான். மகன் வேறு தேசத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை பத்து மணிக்கு அழைப்பான். நேரம் தவறாத விஷயத்தில் அப்பாவை உரித்து வைத்தவன். பதினோரு நிமிடம் பேசுவான். பதினோரு நிமிடம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்றால், அவரால் எண்ணாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

மனைவி போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் இருந்தவரை வீட்டில் பாதி நேரம் சண்டைதான், ஆனாலும் அது சத்தம். இப்போது குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்போதெல்லாம் ஒரே நினைப்பு வரும்: இங்கே வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? ஞாயிறு பத்து மணிக்கு மகனுக்குத் தெரியும். திங்கட்கிழமை விழுந்தால் ஆறு நாள், வியாழக்கிழமை விழுந்தால் மூன்று நாள். அதனால் சனிக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் தைரியமாகக் குளித்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை.

நூலகத்து அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதத்தைப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பக்கத்துத் தெருவில் இருந்த நகர அரங்கத்தின் நாடகக் குழு ஒட்டியது. 'மேடை நிர்வாகம் கற்க ஆள் தேவை. வயது வரம்பு இல்லை. நடிக்கத் தெரிய வேண்டாம். நேரம் தவறக் கூடாது.' அவர் வாழ்நாளில் நாடகம் பார்த்தது மொத்தம் இரண்டு முறை, அதில் ஒரு முறை தூங்கிவிட்டார். ஆனால் அந்தக் கடைசி வரி, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி இருந்தது.

மூன்று பேர் வந்திருந்தார்கள். சொல்லிக்கொடுப்பவள் முப்பது வயதுப் பெண், ஆறு மாதக் கர்ப்பிணி. குழுவில் எல்லோரும் அவளை மேனேஜர் என்றே கூப்பிட்டார்கள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"இன்னும் ரெண்டு மாசத்துல நான் போயிடுவேன். அதுக்குள்ள ஒருத்தர் இதைக் கத்துக்கணும். முதல்லயே சொல்லிடறேன், இந்த வேலையில உங்களை யாரும் பார்க்கக் கூடாது. பார்த்துட்டாங்கன்னா நீங்க எங்கயோ கோட்டை விட்டுட்டீங்கன்னு அர்த்தம்."

மற்ற இருவரும் அடுத்த நாளே காணாமல் போனார்கள். இவர் மட்டும் வந்தார். யார் கண்ணிலும் படாமல் இருப்பதில் அவருக்கு ஏற்கெனவே மூன்று வருட அனுபவம் இருந்தது.

கற்றுக்கொள்ள எவ்வளவு இருந்தது என்று கேட்டால், டிப்போ வேலையே தேவலை என்று தோன்றும். நாடகப் பிரதியைப் பெரிய கோப்பில் போட்டு, வலப் பக்கம் வசனம், இடப் பக்கம் வெறும் தாள். அந்த வெறும் தாளில்தான் எல்லாம்: எந்தச் சொல்லில் விளக்கு மாறும், எந்த இடத்தில் கதவு தட்டும் சத்தம், யார் எந்தப் பக்கமாக நுழைவது. எல்லாம் பென்சிலில்.

"பேனாவில எழுதினா அழகா இருக்குமேம்மா?"

"எழுதுங்க சார். நாளைக்கு டைரக்டர் எல்லாத்தையும் மாத்துவாரு. அப்புறம் உக்காந்து அழுங்க."

மறுநாள் இயக்குநர் எல்லாவற்றையும் மாற்றினார். இவர் ரப்பரை எடுத்தார்.

தரையில் நாற்காலி நிற்கும் இடத்துக்கு வண்ண ஒட்டுநாடா ஒட்டினார். முதல் காட்சிக்கு மஞ்சள், இரண்டாவதுக்கு நீலம். பக்கவாட்டில் ஒரு நீள மேசை. அதன்மேல் பழுப்புத் தாள் விரித்து, நடிகர்கள் கையில் எடுத்துப் போகும் ஒவ்வொரு பொருளையும் வைத்து அதைச் சுற்றிக் கோடு வரைந்தார். சாவிக்கொத்து, குடை, டம்ளர், கடிதம். எது இல்லையென்றாலும் கோடு மட்டும் காலியாக நிற்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும். இந்த ஏற்பாடு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தபோது, மனைவியின் புடவைகள் இருந்த தட்டில் அப்படி ஒரு கோடும் வரையத் தேவையில்லை என்று நினைத்தார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டே வாரத்தில் குழு அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்துவிட்டது. கோபம் வரவில்லை. பட்டப்பெயர் வைப்பதற்கும் நாலு பேர் சேர்ந்து நம்மை நினைக்க வேண்டுமே.

அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இரண்டு வழக்கங்கள். முதலாவது வருகைத் தாள். பின்வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் ஓர் அட்டை தொங்கும். அதில் ஐந்து நடிகர்களின் பெயர், ஒளி, ஒலி ஆட்கள் இருவர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போன் எண், அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம். வர வேண்டிய நேரம் மாலை நாலு மணி. ஆள் வந்ததும் கட்டத்தில் டிக் அடிப்பது மேனேஜர் மட்டும். நாலு பத்துக்குக் காலிக் கட்டம் இருந்தால், அந்த ஆளுக்கு உடனே போன் போட வேண்டும்.

"முகத்தைப் பார்த்துட்டுத்தான் டிக் அடிக்கணும்" என்றாள் அவள். "செருப்பைப் பார்த்தேன், வண்டியைப் பார்த்தேன், இந்தக் கதையெல்லாம் ஆகாது. முகம்."

"டிப்போவில நான் தலையை நிமிர்த்தாமயே எழுதுவேம்மா. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு இருமல் உண்டு. சத்தத்தை வெச்சே நம்பர் சொல்லிடுவேன்."

"இது டிப்போ இல்ல சார்" என்றாள் அவள். அவர் தலையாட்டினார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாவது வழக்கம், நன்றி. நாடகம் தொடங்க அரை மணி இருக்கும்போது ஒப்பனை அறைகள் இருக்கும் நடையில் நின்று, "அரை மணி!" என்று குரல் கொடுக்க வேண்டும். காதில் விழுந்தவர்கள் "நன்றி!" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு கால் மணி, ஐந்து நிமிடம். ஐந்து நடிகர், ஐந்து நன்றி. எண்ணிக்கொள்ள வேண்டும். முதல் நாள் அவர் குரல் கொடுத்து, நடையின் இரண்டு பக்கமும் இருந்து நன்றி, நன்றி என்று வந்தபோது எண்ண மறந்து நின்றார். வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு நாள் தன்னை அறியாமல் "அஞ்சு நிமிஷம்!" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு ஒரு கணம் காத்தும் நின்றார். அப்புறம் அசடு வழியப் பாலை இறக்கி வைத்தார்.

நாடகம் ஒரு வாடகை வீட்டுக் கதை. குடித்தனக்காரர்கள் நாலு பேர், அவர்களைக் காலி பண்ணச் சொல்லிக் குடைச்சல் கொடுக்கும் வீட்டுக்காரம்மா. வீட்டுக்காரம்மாவாக நடித்தவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கணீரென்ற குரல். மேடைக்கு வெளியிலும் எல்லோரும் அவரை வீட்டுக்காரம்மா என்றே அழைத்தார்கள். நிஜத்தில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்குத் தனியாக இருந்தார் என்பது வேறு விஷயம். நடையின் கோடியில் இருந்த சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஒப்பனை செய்துகொள்வார். அந்த நேரத்தில் யாரும் தட்டக் கூடாது.

கடைசி வாரம் வந்தது. அரங்கேற்றம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை முழு உடையோடு ஒத்திகை, ஐந்து மணிக்கு. மேனேஜருக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது, கால் வீங்கியிருந்தது.

"இன்னைக்கு நான் எதையும் தொட மாட்டேன். ஆடியன்ஸ்ல உக்காந்து பார்க்கப் போறேன். நீங்க சரியாப் பண்ணிட்டீங்கன்னா பன்னிரண்டு ஷோவும் உங்களுதுதான். இல்லைன்னா டைரக்டர் வேற ஊர்லேர்ந்து ஆளைக் கூப்பிடறதா இருக்காரு."

பன்னிரண்டு ஷோ என்றால் பன்னிரண்டு மாலை. நாலு மணிக்குத் தன்னை எதிர்பார்க்கும் ஓர் இடம். அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவரே அன்றைக்குத்தான் உணர்ந்தார்.

மூன்றரைக்கெல்லாம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றார். ஒவ்வொருவராக வந்தார்கள், முகம் பார்த்து டிக். நாலாக இரண்டு நிமிடம் இருக்கும்போது குடையின் கைப்பிடி கழன்றுவிட்டதென்று மேசைப் பக்கம் ஓடினார். அதை நூல் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது மேடைப் பக்கமிருந்து கணீரென்று கேட்டது:

"கேட்டைத் தொறந்து போட்டது யாரு? சாத்திட்டுப் போற பழக்கமே கிடையாதா?"

வந்துவிட்டார் என்று நினைத்தார். கை குடையை விடவில்லை, இடுப்பில் இருந்த அட்டையை எடுத்து, வீட்டுக்காரம்மாவின் கட்டத்தில் டிக் அடித்தார். தலையை நிமிர்த்தவில்லை. முப்பத்திரண்டு வருடப் பழக்கம் ஒரு நொடியில் வேலையைக் காட்டிவிட்டது.

அது வீட்டுக்காரம்மா இல்லை. இரண்டாவது காட்சியில் அந்த அம்மாள் மேல்மாடியிலிருந்து கத்துவதாக ஒரு வசனம் வரும். அதைப் போன மாதமே பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஒலிக்காரர் அதைத்தான் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்த வசனத்தை இடப் பக்கத் தாளில் ஒலிக்குறிப்பாகத் தன் கையாலேயே பென்சிலில் எழுதியிருந்தவர் கடிகாரம்தான்.

நாலு பத்துக்கு அட்டையைப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் டிக். திருப்தியாக ஆணியில் மாட்டினார். நாலரைக்கு நடையில் நின்று "அரை மணி!" என்றார். நன்றி வந்தது, எண்ணினார், நாலு. அந்த அம்மாள் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு கொண்டை போட்டுக்கொண்டிருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கால் மணிக்கும் நாலு. கோடி அறைக் கதவைத் தட்டலாமா என்று கை போனது. பரீட்சை நாளும் அதுவுமாக எதற்கு வம்பு என்று திரும்பி வந்துவிட்டார்.

ஐந்து மணிக்கு, எல்லோரும் இடத்துக்கு வரலாம் என்று சொல்லப் போனவர், கோடி அறைக் கதவு தள்ளியதும் திறந்துகொண்டதைப் பார்த்தார். உள்ளே இருட்டு. ஆணியில் பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் தொங்கியது.

போன் போட்டார். நாலாவது முறை மணி அடித்ததும் ஓர் ஆண் குரல் எடுத்தது.

"ஹலோ, இது யாரோட போனுங்க? என் கடை வாசல்ல, மாடிப்படிக்குக் கீழ கிடந்துச்சு. நான் தையல் கடைக்காரன்."

"மாடிக்குப் போய்ப் பாருங்க. உடனே போங்க" என்றார் இவர்.

மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் அந்த அம்மாள் படியில் உட்கார்ந்திருந்தார். மூன்றரைக்கு ஒத்திகைக்குக் கிளம்பியபோது கால் பிசகி விழுந்திருக்கிறார். கையில் இருந்த போன் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நழுவிக் கீழ்த்தளத்தில் போய் விழுந்துவிட்டது. கத்திப் பார்த்திருக்கிறார். மேல் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கீழே ஆறு தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கணுக்கால் எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடித்தபோது இவர் கட்டில் பக்கத்தில் நின்றார். உட்காரத் துணிவில்லை.

"எனக்குத் தெரியாதா நம்ம வழக்கம்?" என்றார் அந்த அம்மாள். திட்டவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நாலு பத்துக்கு எப்படியும் போன் அடிக்கும், கடைக்காரர் எடுப்பாருன்னு வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். நாலு பத்து ஆச்சு. சரி, மத்தவங்களுக்கு முதல்ல போடறாரு போலன்னு நினைச்சேன். நாலே கால். நாலரை. அதுவரைக்கும் வலிதான். அப்புறம்தான் பயமாப் போச்சு. இப்படி ஒருத்தி வரலைங்கறதே யாருக்கும் தெரியலையேன்னு."

அந்தப் பயத்தை இவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். தினமும் அதோடுதான் குளித்துக்கொண்டிருந்தார். தன்னைப் போலவே இருந்த ஓர் ஆளுக்கு, தன் பென்சிலாலேயே அதைச் செய்துவிட்டார்.

"நான் முகத்தைப் பார்க்கலைங்க" என்றார்.

இயக்குநருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆஸ்பத்திரி வாசலில், "வீட்டுக்காரம்மாவை நாற்காலியில உக்கார வெச்சே ஷோவை நடத்திடலாம். உங்க விஷயத்தை யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். கூட வந்திருந்த மேனேஜரை மருத்துவர் அங்கேயே பார்த்து, நாளையிலிருந்து படுத்தே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டோவில் ஏறும்போது அவள் பிரதிக் கோப்பை இவர் கையில் கொடுத்தாள்.

வியாழக்கிழமை, நாற்காலியோடு மறு ஒத்திகை, வழக்கம்போல நாலு மணிக்கு வர வேண்டும். அவர் மூன்று மணிக்கே சட்டை மாட்டி, செருப்புப் போட்டு, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். போக மனம் துணியவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? வேண்டுமென்றால் கூப்பிடட்டும் என்று நினைத்தார். கோப்பு தன்னிடம் இருக்கிறதே, கூப்பிடாமலா போய்விடுவார்கள்? போனை எதிரே முக்காலியில் வைத்தார்.

நாலு மணி. நாலு ஐந்து. நாலு பத்துக்குப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை. நாலு பதினொன்றுக்கு, சத்தம் குறைந்திருக்கிறதோ என்று எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாலு பதினாலு வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது: யார் கூப்பிடுவார்கள்? வராதவர்களுக்குப் போன் போடுவது மேனேஜர் வேலை. மேனேஜர் படுக்கையில் இருக்கிறாள். இப்போது அந்த வேலை தன்னுடையது. அந்த அட்டையைப் போன வாரம் புதிதாக எழுதியதும் தானேதான், ஏழு பெயர். அதில் தன் பெயர் இல்லை. டிக் அடிக்கிறவனுக்கு யார் டிக் அடிப்பது?

அடுத்த நொடி இன்னொன்று உறைத்தது. கட்டுப் போட்ட காலோடு அந்த அம்மாள் மூன்று மாடி இறங்கி வர வேண்டும். வரவில்லையென்றால் இன்றைக்கும் போன் அடிக்காது. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, காலில் வெந்நீர் கொட்டியது மாதிரி ஓடினார். வீட்டுக் கதவைப் பூட்டினாரா என்பதுகூடப் பிற்பாடு நினைவில்லை.

பின்வாசலில் நுழைந்தபோது நாலு இருபத்திரண்டு. அந்த அம்மாள் வாசல் ஓரத்திலேயே நாற்காலியில், கட்டுப் போட்ட காலை ஒரு பெட்டியின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். தையல் கடைக்காரரும் அவர் பையனும் நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டார்களாம். வருகை அட்டை அந்த அம்மாளின் மடியில் இருந்தது.

"மேல லைட் அறையில இருக்கீங்கன்னுல்ல நினைச்சோம்!" என்றார் ஒலிக்காரர், போகிற போக்கில்.

அதற்குக் கோபப்பட இவருக்கு உரிமை இல்லை. அட்டையை வாங்கினார். ஏழு கட்டமும் காலி. நடையெங்கும் போய், ஒவ்வொருவரையும் நிறுத்தி, முகத்தை நேருக்கு நேராகப் பார்த்து டிக் அடித்தார். ஒரு நடிகர் சிரித்துவிட்டார், இவர் சிரிக்கவில்லை. கடைசியாக வீட்டுக்காரம்மாவின் முன்னால் வந்து நின்று, முகம் பார்த்தார். கண்ணோரத்தில் சுருக்கம், நெற்றியில் நேற்றைய சிராய்ப்பு. டிக் அடித்தார்.

மேடையிலிருந்து இயக்குநரின் குரல் வந்தது. "சார், இன்னும் என்ன பண்றீங்க? அரை மணிக்குக் குரல் கொடுக்கணுமே!"

யோசித்துச் சொல்கிறேன் என்றதற்கு அவர் சொன்ன பதில் அதுதான் போலிருக்கிறது.

"இதோ" என்று திரும்பியவரின் கையைப் பிடித்து நிறுத்தி, அந்த அம்மாள் அட்டையையும் பென்சிலையும் பிடுங்கிக்கொண்டார். ஏழாவது பெயருக்குக் கீழே, 'கடிகாரம்' என்று எழுதினார். பக்கத்தில் ஒரு கட்டம் போட்டார். கோணலாக வந்தது. இவர் கூச்சத்தோடு பென்சிலுக்குக் கை நீட்டினார், அந்தக் கட்டத்தையும் தானே நிரப்பிவிடலாம் என்று.

"கையை எடுங்க. முகத்தைப் பார்க்காம டிக் அடிக்கக் கூடாதுங்கறது உங்களுக்கு மட்டும் கிடையாதா? உங்க மூஞ்சியை நீங்களே பார்த்துக்குவீங்களா? இப்படித் திரும்புங்க."

திரும்பினார். அந்த அம்மாள் அவசரமே இல்லாமல் பார்த்தார். வியர்வை வழிந்த நெற்றி, மாற்றிப் போட்ட பொத்தான், சவரம் செய்யாத தாடை, எல்லாவற்றையும். மூன்று வருடத்தில் யாரும் அவரை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கண் கலங்கியது, துடைக்கவில்லை.

டிக் அடித்தார் அந்த அம்மாள். பக்கத்தில், 'இருபத்திரண்டு நிமிடம் தாமதம்' என்று எழுதினார்.

"நாளைக்கு நாலு பத்துக்கு இந்தக் கட்டம் காலியா இருந்துச்சுன்னா நான் போன் போடுவேன். நம்பரைச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். முதல் நாலு எண் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. யாரும் கேட்டுச் சொல்லிப் பழக்கமே இல்லையே. பென்சிலோடு காத்திருந்த அந்த அம்மாளின் எதிரே நின்று, தன் சொந்த எண்ணை முதலிலிருந்து மறுபடி யோசிக்க ஆரம்பித்தார்.